மழை வரும்வரை வழக்கு ஒத்திவைப்பு

உலகத்திலேயே மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் தீர்ப்புச் சொன்ன ஒரே நீதிபதி எங்கள் வேனை ஓட்டிய, நாங்கள் ஃபெடரல் கோர்ட் என்று பெயர் வைத்த மனிதர்தான். நூறு என்பது மோட்டார்வே போர்டில் போட்டிருக்கும் கணக்கு. காலை நேரத்தில் ஆக்லாந்தின் மனுரேவாவிலிருந்து பென்ரோஸுக்கு வேலைக்குப் போகிற எவனும் அந்த வேகத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் வேன் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் போகும். அதனால்தான் அவரால் அவ்வளவு வழக்குகளை விசாரிக்க முடிந்தது.

நியூசிலாந்தில் ஃபெடரல் கோர்ட் என்று ஒன்று கிடையாது என்று பிறகு யாரோ சொன்னார்கள். இருக்கலாம். நான் எட்டாம் வகுப்பின் மேல் வைத்த பிரியத்தால் அதைத் திரும்பத் திரும்பப் படித்தவன். அதற்கு மேலே நடக்கிற சங்கதிகள் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஃபெடரல் கோர்ட்டுக்கு நான்கு சக்கரம், ஒரு தள்ளுகதவு. அந்தக் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டும்.

அவர் மலேசியாத் தமிழர். அங்கே ஃபெடரல் கோர்ட் நீதிபதி ஒருவருக்குக் காலமெல்லாம் கார் ஓட்டியவர். மகளுக்குப் பின்னால் ஆக்லாந்து வந்து, எங்களோடு பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். நீதிபதியின் கார் ஓட்டுநர் எப்படி நீதிபதி ஆனார் என்று முதல் நாளே நான் கேட்டுவிட்டேன்.

"காடியில அவரு எங்க உக்காருவாரு?" என்று திருப்பிக் கேட்டார். காடி என்றால் அவர் ஊரில் கார்.

"பின்னுக்கு."

"நான்?"

"முன்னுக்கு."

"அப்ப யாருலா பெரியவன்?"

எட்டாம் வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே அவரை ஏற்றுக்கொண்டேன்.

வேனில் நாங்கள் நான்கு பேர். அவர் ஓட்டுவார். மதுரையிலிருந்து வந்த பையன் ஒருவன். மன்னாரிலிருந்து வந்த ஸ்டெல்லா அக்கா. யாழ்ப்பாணத்தின் மானத்தைக் காப்பாற்ற நான். எங்கள் பெயர்களை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "மதுரை", "மன்னார்மா", "ஜாஃப்னா". வழக்கு எண் மாதிரி ஊர்ப் பெயர்தான்.

கோர்ட் கூடுவதற்கு ஒரு முறை இருந்தது. முன்னால் போகிற வண்டிகளின் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து போக்குவரத்து நின்றதும், அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "எல்லாரும் எழுந்திரிங்க" என்பார். வேனில், அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு, எப்படி எழும்புவது? ஆனாலும் எழும்ப வேண்டும். மூன்று பேரும் சீட்டிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு உடம்பைத் தூக்கி, அவர் தலையசைக்கும் வரை அந்தரத்தில் நிற்போம். பக்கத்து லேனில் காப்பி குடித்துக்கொண்டு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துத் தங்கள் வண்டிக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொள்வார்கள். போக்குவரத்து நகர்ந்தால் கோர்ட் கலையும். மறுபடி நின்றால் மறுபடி எழும்ப வேண்டும். மழை நாட்களில் எங்கள் தொடை வலி வேலை முடியும் வரை போகாது.

அவருடைய சட்டத்தில் ஒரே ஒரு விதி. கோர்ட்டுக்கு வந்தவன் எவனும் குற்றவாளி. வழக்குப் போட்டவனும் குற்றவாளி. "ஒன்னும் பண்ணாதவன் ஏன்லா கோர்ட்டுக்கு வர்றான்?" என்பார்.

கருவாட்டு வழக்கு அப்படித்தான் முடிந்தது. ஸ்டெல்லா அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுப் பொரியல் கொண்டு வந்தார். ஹீட்டர் போட்ட வேனில் அந்த வாசனை எங்களோடு சேர்ந்து பெல்ட் போட்டு உட்கார்ந்தது.

"ஐயா, மூச்சு முட்டுது. ஜன்னலத் திறக்கச் சொல்லுங்க, இல்ல அக்காவ இறக்கி விடுங்க" என்றான் மதுரை.

"உன்ர மூக்கைக் கழட்டி வீட்டில வச்சிட்டு வா தம்பி" என்றார் ஸ்டெல்லா அக்கா.

கோர்ட் கூடியது. சாட்சிப் பொருளைப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி. டப்பா முன்னால் போனது. முகர்ந்தார். தீர்ப்புச் சொல்ல முகர்ந்தால் போதாது என்றார். ஒரு துண்டு தின்றார். சந்தேகம் வந்தது, இன்னொரு துண்டு. பென்ரோஸ் வந்தபோது சாட்சிப் பொருள் முழுவதும் கோர்ட்டின் வயிற்றில் இருந்தது. தீர்ப்பு: கருவாடு கொண்டு வந்த மன்னார் குற்றவாளி, ஏனென்றால் கொஞ்சமாகக் கொண்டு வந்தார். மதுரையும் குற்றவாளி, ஏனென்றால் நல்ல சாப்பாட்டைப் பற்றித் தப்பாகப் பேசினான். தண்டனையாக இரண்டு பேரும் என் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும். நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டேன். "கேள்வி கேட்ட குத்தம்" என்றார்.

முன் சீட் வழக்கு இன்னும் மோசம். அந்த சீட் யாருக்கு என்று எனக்கும் மதுரைக்கும் ஒரு மாதமாகச் சண்டை. இரண்டு பக்க வாதத்தையும் கண்ணை மூடிக் கேட்டார். (வேன் நின்றுகொண்டுதான் இருந்தது.) பிறகு மனுகாவ் கடையில் வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டார். "இது மட்டும்தான் இந்த வண்டியில சண்டை போடாம வருது." அந்த மூட்டை அவர் வீட்டில் சோறாக முடியும் வரை, நாங்கள் அதன் பின்னால் உட்கார்ந்து அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டு போனோம்.

தன்மேலேயே ஒரு வழக்கு வந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஒருநாள் தீர்ப்புச் சொல்கிற வேகத்தில் மோட்டார்வேயிலிருந்து பென்ரோஸுக்கு இறங்கும் வழியைத் தவறவிட்டு, எங்களைத் துறைமுகம் வரை கொண்டுபோய்க் கடலைக் காட்டினார். ஸ்டெல்லா அக்கா வழக்குப் போட்டார். நீதிபதி தன் தரப்பைத் தானே வாதாடினார். தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்து, தன் பதிலில் தானே கோபப்பட்டார். குற்றவாளி. ஒரு வாரம் வேனில் பாட்டுப் பாடக் கூடாது. உடனே மேல்முறையீடு செய்தார். அதையும் அவரே தள்ளுபடி செய்தார். அந்த வாரம் எங்களுக்கெல்லாம் காது நன்றாகக் கேட்டது.

அவருடைய அதிகாரம் செல்லாத ஒரே இடம் அவர் வீடு. பேத்தியிடம் ஏதோ குற்றம் கண்டு தண்டனை சொன்னாராம். அவள், "தாத்தா, யூ ஆர் நாட் ஈவன் எ ரியல் ஜட்ஜ்" என்றாள். "கோர்ட் அவமதிப்பு! ஐஸ்கிரீம் கட்!" என்று இவர் கத்தினார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "ஐஸ்கிரீம் வாங்குனது நானு" என்று ஒரு வரி சொன்னார். கோர்ட் கலைந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் தக்காளி சாஸைக் கவிழ்த்தேன்.

கிடங்கில் நான் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். என் விசா அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் விசா போகும். என் மனைவி வதனியும் மகள் ஆரணியும் வருவதற்கான விண்ணப்பம் அந்த விசாவின் மேல்தான் நின்றது. வதனி ஏற்கெனவே சூட்கேஸ் வாங்கிவிட்டாள். ஆரணி அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அந்த நிலைமையில், ஒரு காலை நேரம், கடைசி வரிசையில் திரும்பினேன். தரை ஈரம். இரவு பெய்த மழையில் கூரை ஒழுகியிருந்தது. வண்டி வழுக்கியது. சாஸ் போத்தல்கள் அடுக்கியிருந்த ஒரு பாரம் முழுவதும் சரிந்தது. பார்த்தால் கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். வேறு எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அப்படியே நின்று ஆளைக் கூப்பிட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? மேனேஜர் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பயந்து, ஓடிப்போய் துடைப்பமும் வாளியும் எடுத்து வந்து, சாஸை வழித்து, தண்ணீரைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, தரையை மின்ன வைத்துவிட்டேன். வாழ்க்கையில் நான் சுத்தமாகச் செய்த ஒரே வேலை அதுதான். மேனேஜர் கிரெய்க் வந்து, "எங்கே ஈரம்?" என்று கேட்டார். கூரையைக் காட்டினேன். கூரை கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அந்த வரிசையில் கேமராவும் இல்லை. கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டுப் பொய் சொல்கிறேன் என்று முடிவாயிற்று.

மறுநாள் விசாரணை. துணைக்கு ஒரு 'சப்போர்ட் பெர்சன்' கூட்டி வரலாம் என்றார்கள். அன்று மாலை வேனில் கேட்டேன்.

"சப்போர்ட் பெர்சன் எண்டா ஆரப்பா?"

"வக்கீல் மாதிரிண்ணே. நம்ம பக்கம் பேசுவாங்க" என்றான் மதுரை.

"கோர்ட்டையே கையில வச்சிக்கிட்டு வக்கீல் எதுக்குலா?" என்றார் முன்னாலிருந்தவர்.

எங்கள் மூன்று பேருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. வக்கீலைக் கூட்டிப்போக வேண்டிய இடத்துக்கு நீதிபதியைக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் டை கட்டிக்கொண்டு வந்தார். அதன்மேல் கிடங்கில் எல்லோரும் போடுகிற மஞ்சள் பளபளப்புச் சட்டை. அறையில் கிரெய்கும், கம்பெனியின் மனுகாவ் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். இவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. மேசையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொல்லுவாரோ என்று என் உடம்பு தானாக நாலு விரல் உயர்ந்தது.

முதல் கேள்வி எனக்கு. இங்கிலீஷில் கேட்டார். நான் என் இங்கிலீஷ் அளவுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"தரையை நீயே துடைத்தாயா?"

"ஓம்."

"உனக்குச் சாதகமான ஒரே சாட்சியை?"

"ஓம்."

"ஏன்?"

"ஊத்தையாக இருந்தது."

கிரெய்கைப் பார்த்துத் திரும்பினார். "இவன் ஒரு முட்டாள். இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. குற்றவாளி."

நான் தமிழில், "ஐயா, நீங்கள் என்ர பக்கம்" என்று முனகினேன்.

"கோர்ட்டுக்குப் பக்கம் கிடையாதுலா" என்றார்.

வதனியின் சூட்கேஸ் மூடித் திறந்து மூடுவது என் கண்ணுக்குள் தெரிந்தது. பிறகு அவர் கிரெய்கிடம் கேட்டார்: "நீ மேலே ஏறிக் கூரையைப் பார்த்தாயா?" இல்லை. "மழை பெய்யும்போது அந்த இடத்தில் நின்றாயா?" இல்லை. "அப்படியானால் நீயும் குற்றவாளி." கிரெய்கின் முகம் நான் கவிழ்த்த சாஸ் நிறத்துக்கு வந்தது. "தீர்ப்பு சொல்ல முடியாது. அடுத்த மழை வரும்வரை வழக்கு ஒத்திவைப்பு!" என்று மேசையில் தட்டினார்.

மனுகாவிலிருந்து வந்த பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பார்க்காமல் முடிவெடுத்தால் பிறகு பிரச்சினை வரலாம் என்று கிரெய்கின் காதில் சொன்னார். கடைசியில் வெள்ளிக்கிழமை வேலை முடியும் வரை பொறுப்பதாக முடிவானது. அதற்குள் கூரை ஒழுகாவிட்டால் என் வேலை போகும்.

எனக்குப் போன உயிர் வந்தது. ஆக்லாந்தில் மழைக்கா பஞ்சம்? துணி காயப்போட்டு வீட்டுக்குள் திரும்புமுன் பெய்கிற ஊர்.

அந்த வாரம் வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை அந்த ஊர் எங்கே ஒளித்து வைத்திருந்ததோ தெரியாது. வானம் கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதையும் நான்தான் துடைத்திருப்பேன் என்றான் மதுரை. கிடங்கில் எல்லோரும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு "என்ன அழகான நாள்" என்று என்னிடம் சொல்லிப் போனார்கள். ஸ்டெல்லா அக்கா மாதாவிடம் மழை கேட்டு ஜெபமாலை உருட்டினார். "நானும் உங்கட மாதாவைக் கும்பிடலாமோ அக்கா?" என்றேன். "கும்பிடு, ஆனா வாயைத் திறக்காத. நீ கேட்டா அதையும் குழப்பிப் போடுவாய்" என்றார்.

மதுரை ஒரு வழி சொன்னான். "ஐயா, நான் குழாயை எடுத்துக்கிட்டுக் கூரையில ஏறிடறேன். அஞ்சு நிமிஷத்துல ஒழுகும்."

"பொய்ச் சாட்சியா? வண்டிய விட்டு எறக்கிருவேன்" என்றார் நீதிபதி. அவர் அன்று சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடைசி வரிசைக்குப் போய் அண்ணாந்து நிற்பதை நான் கண்டேன்.

வியாழன் வதனி ஊரிலிருந்து ஃபோன் எடுத்தாள். "அங்க மழையோ? பிள்ளைக்கு ரெயின்கோட் வாங்கவோ?"

"வாங்கு" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையும் வெயில்தான். கிரெய்க் ஏதோ மீட்டிங் என்று மனுகாவ் போய்விட்டார். மத்தியானம் தாண்டியதும் காற்று மாறியது. தகரக் கூரையில் ஒரு தட்டல். பிறகு நூறு பேர் அரிசி கொட்டுகிற சத்தம். நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். எனக்கு முன்னே அவர் அங்கே நின்றார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. அவருடைய தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த வழுக்கையின் நடு உச்சியில் ஒரு துளி விழுந்து நாலு பக்கமும் தெறித்தது.

"சாட்சி வந்தாச்சு!" என்று கிடங்கே அதிரக் கத்தினார்.

கிரெய்குக்கு ஃபோன் போட்டோம். வந்துகொண்டிருக்கிறேன் என்றார். மனுகாவிலிருந்து பென்ரோஸ், மழை, வெள்ளிக்கிழமை. எங்கள் கோர்ட் கூடுகிற அதே மோட்டார்வே. இடையில் சூப்பர்வைசர் ஒருவர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். தரை ஈரமாக இருந்தால் ஆபத்தாம், துடைக்க வேண்டுமாம். அவர் செய்தது சரியான வேலைதான். நம்மவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இது கோர்ட் நெலம். ஒருத்தனும் தொடக்கூடாது!"

"ஐயா, இஞ்சால வாங்கோ, நனையிறியள்" என்றேன்.

"நகந்தா தொடைச்சிருவானுங்க. ஒன்னய மாதிரி ஆளுங்க நெறைய இருக்கானுங்க."

அதனால் அவர் நகரவில்லை. தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து, மூக்கில் வழிந்து, டை நுனியில் சொட்டியது. அன்றைக்கும் டை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். மதுரை சுற்றிவர மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளை வைத்தான். ஸ்டெல்லா அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார். குடிக்கக் குடிக்கக் கோப்பை நிறைந்தது. பல்லு கிடுகிடுக்க நின்றார்.

கிரெய்க் வந்தபோது எல்லோரும் வேலை முடிந்து புறப்படுகிற நேரம். நனைந்த மனிதரைப் பார்த்தார். குளம் கட்டிய தரையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். ஒரு துளி சரியாக அவர் கண்ணுக்குள் விழுந்தது.

"சரி" என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு. என் வேலை தப்பியது. ஒழுகுவதைச் சொல்லாமல் துடைத்ததற்கு ஒரு எச்சரிக்கை மட்டும் தந்தார். நான் வாயைத் திறக்குமுன், "எச்சரிக்கை போதாது. இன்னும் ரெண்டு குடு" என்றார் என் சப்போர்ட் பெர்சன். பிறகு தும்மினார். அந்தத் தும்மல் சனி, ஞாயிறு தாண்டிக் காய்ச்சலாகப் படுத்தியது.

கொத்தமல்லி அவித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"கோர்ட்டுக்கு ஒன்னும் கொண்டாரக் கூடாது. லஞ்சம்."

"இது லஞ்சமில்லை ஐயா. மல்லித் தண்ணி."

"அப்ப குடு."

குடித்தார். அவரிடம் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. "ஒரு வாளியை வச்சிட்டு அங்கால நிண்டிருக்கலாமே ஐயா. ஏன் அதுக்குள்ளயே நிண்டனீங்கள்?"

"வாளி சாட்சி சொல்லுமாலா?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழும்பினேன்.

"ஒம் மக பேரு என்ன?"

"ஆரணி, ஐயா."

"வந்ததும் கூட்டியா. விசாரிக்கணும்."

வதனியும் ஆரணியும் வந்துவிட்டார்கள். ஆரணி இப்போது எனக்கு இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள். எட்டாம் வகுப்பையும் ஒரே தடவையில் தாண்டிவிடுவாள் போலிருக்கிறது. அவர் வேலையை விட்டுவிட்டார். மகள் வீட்டுத் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளை விசாரித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டுக்கு மேலே மேகம் கறுத்தால் வதனி கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்க ஓடுவாள். நான் ஃபோனை எடுப்பேன்.

"ஐயா, மழை வருது. தலையில துவாயைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போங்கோ."

"கோர்ட்டுக்கே ஆர்டரா? யாருலா நீ?"

நான் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு துவாய்த் துண்டை உதறும் சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் வைப்பேன்.